தோட்டம் மட்டும்தான் இருந்தது

புத்ராஜெயா ஏரியில் கயாக் ஓட்டப் போவதற்கு முன்பே இந்தக் கட்டுரைக்குத் தலைப்பு வைத்துவிட்டேன். 'நீருக்கடியில் ஒரு லயம்.' முதல் பத்தியும் கைப்பேசியில் தயாராக இருந்தது. அம்மா பிறந்து வளர்ந்து பால் வெட்டிய தோட்டத்தின் மேல் இன்று ஏரி கிடக்கிறது, அந்த ஏரியில் அம்மாவை உட்காரவைத்துத் துடுப்புப் போடுகிறேன், கீழே எங்கள் வீடு மூழ்கிக் கிடக்கிறது. இப்படிப் போகும் அந்தப் பத்தி. மூன்று நண்பர்களுக்கு அனுப்பினேன். மூவரும் நன்றாக இருக்கிறது என்றார்கள்.

அம்மாவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. வழிகாட்டியோடு ஒருநாள் கயாக் பயணம், காலை எட்டு மணியிலிருந்து மதியம் மூன்று வரை, சாப்பாடும் உண்டு என்று மட்டும் சொன்னேன்.

"எனக்கு நீச்சல் தெரியாது பாப்பா."

"ஜாக்கெட் குடுப்பாங்கமா."

"விழுந்துட்டா?"

"மிதப்பீங்க."

"காசு எவ்ளோ?"

பாதி விலையைச் சொன்னேன். அதுவே அதிகம் என்றார். ஆனால் சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது தயாராக நின்றார். ட்ராக் பேண்ட், அதற்கு மேலே மரம் வெட்டப் போகும்போது போடுவதைப் போன்ற முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு.

புத்ராஜெயா கோலாலம்பூருக்குத் தெற்கே சுமார் 25 கிலோமீட்டர். அம்மா இப்போது இருக்கும் டெங்கில் பக்கத்து அடுக்குமாடியிலிருந்து இன்னும் அருகில், காரில் இருபது நிமிடம்தான். அந்த இருபது நிமிடத்தைக் கடந்து அம்மா ஏரிப் பக்கம் போனது அதுவரை இரண்டே முறை. ஒன்று அடையாள அட்டை மாற்ற. இன்னொன்று சொந்தக்காரர்களுக்கு இளஞ்சிவப்பு மசூதியைக் காட்ட.

ஆறாவது பிரிசிண்டில், நீர் விளையாட்டு வளாகத்துக் கரையில் எட்டுப் பேர் கூடியிருந்தோம். வழிகாட்டி ஒரு மலாய் இளைஞர். இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. ஜாக்கெட்டின் வாரை இழுத்து இழுத்துச் சரிபார்த்தார். படகு கவிழ்ந்தால் படகை விட்டு நீந்திப் போகக்கூடாது, படகைப் பிடித்துக்கொண்டு விசில் ஊத வேண்டும். சுற்றுலாப் படகு போய் அலை வந்தால் பக்கவாட்டில் வாங்கக்கூடாது, மூக்கை அலைக்கு நேராகத் திருப்ப வேண்டும். இரண்டு பேர் கயாக்கில் முன்னால் இருப்பவர் தாளம் வைப்பார், பின்னால் இருப்பவர் அதைப் பார்த்துத் துடுப்புப் போட்டுத் திசையையும் கவனிப்பார். "ஆன்ட்டி முன்னால" என்றார்.

முதல் பத்து நிமிடம் வட்டமடித்தோம். நான் வேகமாகப் போட்டேன், அம்மா மெதுவாகப் போட்டார், துடுப்புகள் மோதிக்கொண்டன. வழிகாட்டி பக்கத்தில் வந்து "கீரி, கானான், கீரி, கானான்" என்று இடம் வலம் சொல்லிக்கொண்டே வந்தார். அம்மா திரும்பாமலே சொன்னார். "நீ ஏன் அவசரப்படற? என் கையப் பாரு." பார்த்தேன். அதற்குப் பிறகு படகு நேராகப் போனது.

இந்த ஏரி இயற்கையானதல்ல. சுங்கை சுவாவ், சுங்கை பீசா என்ற இரண்டு சிற்றாறுகளை மறித்து உண்டாக்கியது. ஏறக்குறைய 400 ஹெக்டர். ஆழம் 3 மீட்டரிலிருந்து 14 மீட்டர் வரை. மேலிருந்து வரும் நீர் நேராக ஏரிக்குள் வந்துவிடாது. வடக்கே சுமார் 200 ஹெக்டரில் அமைத்த சதுப்புநிலத்தில் 24 பாத்திகள் படிப்படியாக இறங்குகின்றன. கோரையும் நாணலும் மண்டிய அந்தப் பாத்திகளில் தங்கித் தங்கி, அழுக்கை விட்டுவிட்டுத்தான் நீர் இங்கே வருகிறது. வழிகாட்டி இதையெல்லாம் பெருமையோடு சொன்னார். பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். தண்ணீரில் வாடையே இல்லை. ஒரு செந்நாரை கரையோரமாகத் தாழப் பறந்துபோனது.

இதே நிலத்துக்கு முன்பு பெராங் பெசார் என்று பெயர். மலாயில் பெரும்போர். முதல் உலகப் போர் முடிந்து வந்த பிரிட்டிஷ் படைவீரர்கள் ரப்பர் நட்ட இடம் என்பதால் அந்தப் பெயர். 1995இல் நகரத்தின் கட்டுமானம் தொடங்கியது. 1999இல் பிரதமர் அலுவலகம் இங்கே மாறியது. 2001 பிப்ரவரி முதல் நாள் இது கூட்டரசுப் பிரதேசம். இதற்கு நடுவில், தொண்ணூறுகளின் இறுதியில், பெராங் பெசார், கெல்லவே, மெடிங்லி, செட்ஜ்லி என்ற நான்கு தோட்டங்களிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் வெளியேறின. எங்களுடையதும் ஒன்று. எனக்கு அப்போது நான்கு வயது. லோரியின் பின்னால் சாமான்களுக்கு நடுவில், கூடையில் ஒரு கோழியைப் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறது. வேறொன்றும் இல்லை.

ஸ்ரீ வவாசான் பாலத்துக்குக் கீழே கொஞ்சம் ஓய்வெடுத்தோம். பாய்மரம் மாதிரி சாய்ந்து நிற்கும் பாலம். நிழலில் படகுகளை ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்துக்கொண்டு தண்ணீர் குடித்தோம். எங்களோடு வந்த சீனத் தம்பதி, இந்த நகரம் கட்டுவதற்கு முன்னால் இங்கே என்ன இருந்தது என்று கேட்டார்கள்.

வழிகாட்டி சிரித்தபடி சொன்னார். "டுலு சினி தாடா அபா அபா. லாடாங் சாஜா." முன்பு இங்கே ஒன்றும் இல்லை. தோட்டம் மட்டும்தான்.

அவரிடம் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. பள்ளியில் படித்ததையோ மற்ற வழிகாட்டிகள் சொல்லிக் கேட்டதையோ சொல்கிறார். நான் சும்மா இருந்தேன். உண்மையைச் சொன்னால், மனதுக்குள் அந்த வரியைக் குறித்துக்கொண்டேன். என் கட்டுரைக்கு இதைவிடப் பொருத்தமான வரி எங்கே கிடைக்கும்?

அம்மா துடுப்பை மடியில் வைத்தார். "ஆடா. சாயா ஆடா" என்றார்.

இருந்தது. நான் இருந்தேன்.

வழிகாட்டியின் சிரிப்பு நின்றுவிட்டது. "பெத்துல் கே ஆன்ட்டி? இங்கதானா? எந்த இடம்?" என்று மலாயில் கேட்டார். கிண்டல் இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டார். அம்மா துடுப்பை நீட்டி ஒரு மேட்டைக் காட்டினார். பிறகு "இல்ல, அது இல்ல" என்று அதற்குப் பக்கத்து மேட்டைக் காட்டினார். அதுவும் சரியாகப்படவில்லை. மலைகளை வெட்டி இறக்கியிருக்கிறார்கள். சூரியன் எங்கே இருக்கிறது என்று அண்ணாந்து பார்த்தார். காலையில் நிரைக்குப் போகும்போது வெயில் எந்தக் கன்னத்தில் அடிக்கும், திரும்பி ஸ்டோருக்குப் பால் தூக்கி வரும்போது எந்தப் பக்கம் என்று தமிழில் தனக்குத்தானே பேசிக்கொண்டார். கடைசியில், கட்டடங்கள் வரிசையாக நிற்கும் ஒரு சரிவைக் காட்டி, "அந்தப் பக்கம். அதுக்கு மேல" என்றார்.

"அப்ப நம்ம வீடு தண்ணிக்குள்ள இல்லையாமா?"

"தண்ணிக்குள்ள எப்படி இருக்கும்? இது ஆத்துப் பள்ளம் பாப்பா. மழ பேஞ்சா வெள்ளம் ஏறும். பள்ளத்துல லயம் கட்டுவானா வெள்ளக்காரன்? மேட்டுலதான் கட்டுவான்."

"நான் முங்கிப் போச்சுன்னு நெனச்சிக்கிட்டிருந்தேன்."

"யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. நானே நினைத்துக்கொண்டது.

"முங்கவும் இல்ல ஒன்னும் இல்ல. கதவு, ஜன்னல், தகரம் எல்லாம் நாங்களே கழட்டி லோரில ஏத்துனோம். ஒங்க அப்பா மாட்டுக்கொட்டாய் மரத்தக்கூட விடல. நாங்க போனப்பறம் வந்து தள்ளிட்டாங்க."

மீண்டும் துடுப்புப் போடத் தொடங்கினோம். அடுத்த அரைமணி நேரம் நான் பேசவில்லை. என் முதல் பத்தி போய்விட்ட எரிச்சல்தான் முதலில் வந்தது. அம்மா தவறாகச் சொல்கிறாரோ என்றுகூட யோசித்தேன். பிறகுதான் எனக்கே வெட்கமாக இருந்தது.

'மூழ்கியது' என்று எழுதினால் போதும், அங்கே செய்தவர் யாரும் தேவையில்லை. தண்ணீர் வந்தது, வீடு மூழ்கியது, எழுதுகிறவன் கரையில் நின்று கண் கலங்குகிறான். அம்மாவின் வாக்கியங்களில் அப்படி ஒரு வினைச்சொல்கூட இல்லை. கழட்டினோம், ஏற்றினோம், தள்ளினார்கள். ஒவ்வொன்றுக்கும் ஆள் உண்டு. தோட்டத்தைப் பற்றி நம் தலைமுறை எழுதுவதில் பாதி இந்த மூழ்கிய கணக்குதான் என்று தோன்றியது. மறைந்தது, அழிந்தது, தொலைந்தது. மூழ்கிப் போனவர்களுக்கு வீடு வேண்டாம். அம்மாவுக்கு வேண்டும். லிஃப்ட் இல்லாத அடுக்குமாடியில் நான்காம் மாடி, அடுப்படிச் சுவரில் மேலிருந்து கீழ்வரை வெடிப்பு. தரைவீடு தருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் எத்தனை பேர் என்று அம்மாவால் வரிசையாகச் சொல்ல முடியும். அந்த வெடிப்பைப் பற்றி நான் இதுவரை ஒரு வரிகூட எழுதியதில்லை. அதில் அழகாக எதுவும் இல்லை என்பதுதான் காரணம்.

மதியம் கரையேறி நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்தோம். அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த புளிச்சோறும் இருந்தது. வழிகாட்டி தன் பொட்டலத்தோடு அம்மாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மரம் எப்படி வெட்டுவது என்று கேட்டார். அம்மா பிளாஸ்டிக் கரண்டியை உளியாகப் பிடித்து, நிழலுக்கு நட்டிருந்த ஒரு மரத்தில் காட்டினார். இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே சரிவாக இறங்க வேண்டும். பட்டையை மட்டும் சீவ வேண்டும், உள்ளே மரத்தைத் தொட்டுவிட்டால் காயம், மண்டோர் ஏசுவார். காயம் பட்ட இடத்தில் பட்டை திரும்ப நன்றாக வளராது, முண்டு முண்டாகிவிடும். சீவி முடித்து மங்கைச் சரிசெய்துவிட்டு அடுத்த மரத்துக்கு ஓட வேண்டும்.

"என்ன மரம்மா அது?" என்று கேட்டேன். ரப்பர் மரத்தில் வகை உண்டு என்பதே எனக்கு அப்போது தெரியாது.

"பழைய நெரையெல்லாம் எம்பத்தாறு."

வீட்டுக்கு வந்த பிறகு தேடிப் பார்த்தேன். பி.பி. 86. ரப்பர் உலகத்தில் பெயர்பெற்ற ஒட்டுரகம். பி.பி. என்றால் பெராங் பெசார். அந்தத் தோட்டத்தில் தேர்ந்தெடுத்து உருவாக்கிய ரகங்களுக்கெல்லாம் இந்த இரண்டு எழுத்துதான் முன்னால் வரும். பி.பி. 5/51, பி.பி. 260. கேரளத்து ரப்பர் விவசாயிகள்கூட இந்தப் பெயர்களைச் சொல்லித்தான் கன்று வாங்குகிறார்கள். மரம் எங்கே போனாலும் ஊர்ப் பெயரோடு போயிருக்கிறது. அம்மாவிடம் சொன்னபோது, "அப்படியா? எங்களுக்கு நம்பர் மட்டுந்தான் தெரியும்" என்றார்.

இரண்டு மணிக்கு மேற்கே மேகம் கறுத்தது. இந்தப் பக்கத்தில் மதிய மழை இடியோடு வரும், தண்ணீர் நடுவில் இருக்கக்கூடாது. வழிகாட்டி எல்லோரையும் அவசரப்படுத்தினார். எதிர்க்காற்றில் துடுப்பிலிருந்து வழிந்த நீர் மடியை நனைத்தது. என் தோள்பட்டை கழன்றுவிடும்போல இருந்தது. அம்மா ஒரே மாதிரி போட்டுக்கொண்டே போனார். சீனத் தம்பதியைத் தாண்டினோம். கரைக்கு இருநூறு மீட்டர் இருக்கும்போது ஒரு பெரிய சுற்றுலாப் படகு குறுக்கே போய் அலையைக் கிளப்பியது. நான் பயத்தில் துடுப்பை நிறுத்திவிட்டேன். "மூக்கத் திருப்பு, மூக்கத் திருப்பு" என்று அம்மா கத்தினார். திருப்பினேன். படகு ஏறி இறங்கியது. அம்மா சத்தமாகச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

கரையில் இறங்கியதும் வழிகாட்டி ஜாக்கெட்டைக் கழற்ற உதவினார். "இனிமே அப்படிச் சொல்லமாட்டேன் ஆன்ட்டி" என்றார் மலாயில். அம்மாவுக்கு எதைச் சொல்கிறார் என்று ஒரு நொடி புரியவில்லை. புரிந்ததும், "நீ சின்னப் பையன், ஒனக்கு எப்படித் தெரியும்?" என்று அவர் தோளில் தட்டினார். நானும் மனதுக்குள் அதையே சொல்லிக்கொள்ளலாமா என்று பார்த்தேன். முடியவில்லை. எனக்குத் தெரிந்துகொள்ள வழி இருந்தது. கேட்டிருந்தாலே போதும்.

அடுக்குமாடிக்கு வந்து நான்கு மாடி ஏறினோம். அம்மா இரண்டாவது மாடியில் நின்று முட்டியைப் பிடித்துக்கொண்டார். ஏரியில் அவருக்கு வராத வலி. மேலே எதிர்வீட்டு அத்தை வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். அவரும் அதே தோட்டம்.

"நம்ம எடம் தெரிஞ்சுதாக்கா?"

"தெரிஞ்சுது. நல்லா சுத்தமா வச்சிருக்கானுங்க."

"தண்ணிக்குள்ள போயிட்டியா நீ?"

"பாப்பாவுக்குத்தான் பயம். எனக்கு என்னா?"

சத்தம் கேட்டு மேலும் இரண்டு அத்தைமார் வந்தார்கள். எத்தனை பேர் போனால் விலை குறைப்பார்கள் என்று கேட்டார்கள். அம்மா விரல்விட்டு எண்ணினார். ஏழு பேர்.

அன்றிரவு பழைய முதல் பத்தியை அழித்தேன். சுவர் வெடிப்பைப் படம் எடுத்துக்கொண்டேன், அளவுகோலை வைத்து. பிறகு வழிகாட்டிக்குச் செய்தி அனுப்பினேன். நீச்சல் தெரியாத ஏழு ஆன்ட்டிகள் வரலாமா?

"போலே" என்று பதில் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. அன்றைக்கு விளக்கம் சொல்லும் வேலையை ஆன்ட்டியே பார்த்துக்கொள்ளட்டும், தான் படகை மட்டும் கவனித்துக்கொள்வதாக எழுதியிருந்தார்.