நெல்லையில் மைனஸ் நாற்பது

சென்ற வைகாசியில் நமது மகிழுந்து லிட்டருக்கு 16 கிலோமீட்டரிலிருந்து 13-க்கு இறங்கியது. காலையில் கிளப்பினால் பெட்ரோல் நெடி. புகைக்குழாயின் வாயில் கரி. வண்டியைப் பெரும்பாலும் எடுத்துச் செல்பவன் மகன். ஒருநாள் உணவு வேளையில், "ஆக்ஸிலேட்டரை இப்படி மிதித்தால் பெட்ரோல் எங்கே நிற்கும்?" என்று சற்றுக் கடுமையாகவே கேட்டுவிட்டோம். அவன் மறுமொழி கூறவில்லை. மறுநாள் சாவியை அலமாரியில் வைத்துவிட்டுப் பேருந்தில் போனான்.

செக் எஞ்சின் விளக்கும் எரியத் தொடங்கியது. பெரிய பணிமனை ஒன்றில் ஸ்பார்க் பிளக்குகளை மாற்றி, இன்ஜெக்டரைக் கழுவி, 4,800 ரூபாய் வாங்கிக்கொண்டு விளக்கை அணைத்துக் கொடுத்தனர். மூன்றாம் நாள் மீண்டும் எரிந்தது.

வண்ணார்பேட்டையில் தகரக் கொட்டகை போட்டிருக்கும் மெக்கானிக் ஒருவரிடம் சொன்னோம். "ராத்திரி முழுக்க வண்டி சும்மா நிக்கட்டும் சார். காலைல ஸ்டார்ட் பண்ணிராதீங்க, நான் வாரேன்" என்றார். காரணம் அப்போது நமக்கு விளங்கவில்லை.

விடிந்ததும் வந்து, ஸ்டியரிங்கின் அடியில் ஸ்கேனரைச் செருகிச் சாவியை மட்டும் திருப்பினார். குளிர்நீரின் வெப்பம் 29 பாகை. உள்ளிழுக்கும் காற்றின் வெப்பமோ மைனஸ் 40! இரவெல்லாம் நின்ற வண்டியில் இவ்விரண்டும் ஏறத்தாழ ஒன்றாக இருத்தல் வேண்டும். பிழைக் குறியீடு பி0113.

குளிர்ந்த காற்று அடர்த்தி மிக்கது. அதே கொள்ளளவில் ஆக்சிஜன் அதிகம். ஆகவே பெட்ரோலும் அதிகம் வேண்டும் என்பது வண்டியின் கணினி அறிந்த கணக்கு. வைகாசி வெயிலில் நின்றுகொண்டு, பனிப்பாலைக்குரிய எரிபொருளை அது ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறது. தொல்காப்பிய மரபியல் தொடுவுணர்வு மட்டுமே உடையனவற்றை ஓரறிவுயிர் என்று வகுக்கும். காற்றுக்குழாயில் செருகியிருந்த, விரல்நுனி அளவேயான அந்தச் சென்சாரும் ஓரறிவுடையதே. அந்த ஓரறிவும் போய்விட்டது போலும்! (இப்படி நாம் சொன்னபோது மெக்கானிக் மரியாதைக்குச் சிரித்தார்.)

ஆயினும் அவர் உடனே சென்சாரைக் குறை சொல்லவில்லை என்பதே நம்மைக் கவர்ந்தது. ஒயர் அறுந்திருந்தாலும் இதே மைனஸ் 40 தான் காட்டுமாம். இணைப்பைக் கழற்றி மீட்டரை வைத்தார். 5 வோல்ட் வந்தது. பிறகு இணைப்பின் இரு முனைகளையும் சிறு கம்பித்துண்டால் இணைத்தார். திரையில் எண் மைனஸிலிருந்து நூற்றிருபதுக்கும் மேல் தாவியது. ஒயரும் கணினியும் குற்றமற்றவை. கடைசியாகச் சென்சாரையே அளந்தார், மின்தடை முடிவிலி. உள்ளே அறுந்துவிட்டது. புதியது இரண்டாயிரம் ஓமுக்குச் சற்றுக் குறைவாகக் காட்டியது; உள்ளங்கையில் பொத்தியதும் மேலும் இறங்கியது. வெப்பம் ஏறினால் தடை குறைவதே அதன் இயல்பு. சென்சார் விலை 750 ரூபாய், கூலி 200.

ஒவ்வொன்றாக விலக்கிய பிறகே ஒன்றின்மேல் கைவைத்தார் அவர். நாமோ மீட்டரும் வைக்காமல், எதிரில் இருந்து உண்டவன்மேல் தீர்ப்பெழுதினோம்.

அன்று மாலை மகனிடம் நடந்ததைச் சொன்னோம். "தப்பு எங்கள் மேல்தான்" என்றும் சொன்னோம். அதற்குச் சிறிது நேரம் பிடித்தது. சாவியை நீட்டினோம்.

"மைனஸ் நாப்பதாப்பா?" என்று வியந்தான். சாவியை வாங்கவில்லை. "பஸ்ல ஃபிரெண்ட்ஸ் சேந்துட்டாங்கப்பா" என்றான்.

சாவி இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது.