தம்பியின் ஹெரால்டு

இராஜபாளையத்தில் என் தம்பி விட்டுப்போன ஆஸ்தி, ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார். 1961 முதல் சென்னையில் தயாரான ஜாதி. 948 சி.சி. எஞ்சின். பானெட்டைத் தூக்கினால் முன் மட்காடுகளும் கூடவே எழுந்துவரும். முதலை வாய் பிளந்தது போலிருக்கும்.

அதற்கு டர்போ வைக்கப்போவதாகத் தம்பி மகன் சொன்னதும் எனக்குப் பகீரென்றது.

"வீணாகப் போகிற புகையாலே ஒரு சக்கரத்தைச் சுற்றவிட்டு, எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கிறதுதான், பெரியப்பா."

பழைய டீசல் கார் ஒன்றின் டர்போ, நொறுங்கிய மாருதி எஸ்டீமின் நான்கு இன்ஜெக்டர்கள்: எல்லாம் காயலான் கடைச் சரக்கு. காற்றைத் திணித்தால் சூடு ஏறும். பெட்ரோல் தானே முந்தி வெடித்து பிஸ்டனைத் துளைத்துவிடுமாம். அதற்காகக் கம்ப்ரெஷனைக் குறைத்தான். கிராங்குக்கு மூன்றே மெயின் பேரிங். ஆகவே ஐந்து பவுண்டு அழுத்தத்தோடு சரி என்றான். கதை எழுதுகிறவனுக்கு இவ்வளவு புரிந்ததே அதிகம்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் புறப்பட்டோம். கார் பறந்தது, பயத்தை மறந்து சிரித்துவிட்டேன். பதினோரு நிலைக் கோபுரம் கண்ணில் பட்ட நேரம், உள்ளே 'டக டக' என்று சுத்தியல் தட்டியது. சட்டென்று காலை எடுத்துவிட்டான். அவன் முகம் வெளுத்திருந்தது.

ஓரமாக நிறுத்தி, டிக்கியிலிருந்து ஒரு மூட்டையை எடுத்தான். தம்பியின் வேட்டித் துண்டில் சுற்றிய பழைய கார்புரேட்டர்.

"வீட்டுக்குப் போனதும் இதையே மாட்டிவிடட்டுமா, பெரியப்பா?"

துணியில் இன்னும் பெட்ரோல் வாசனை இருந்தது.

"முதலில் பால்கோவா வாங்குவோம், வா" என்றேன்.