ஒரே அணி, ஒரே பந்தி

"இந்த வயசுல பப்ஜியா?" என்று என்னைக் கேட்காத தோழர்கள் குறைவு. பகலில் சாதிச் சான்றிதழுக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் தாலுகா ஆபீசில் நிற்கிற பெண், ராத்திரி பத்து மணிக்குக் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு "வலது பக்கம் ஆள் இருக்கு" என்று கத்துவது அவர்களுக்கு வேடிக்கை. இந்த விளையாட்டு நேரத்தைத் தின்கிறது, பிள்ளைகளின் தூக்கத்தைக் கெடுக்கிறது என்ற குறையை நான் மறுக்கவில்லை. ஆனால் பல வருடம் பேச்சே இல்லாமல் போன மூன்று பேரை எனக்குத் திருப்பிக் கொடுத்தது இதுதான். அந்த நட்பு எதுவரை போகிறது, எந்த வாசலில் நிற்கிறது என்பதையும் இதுதான் காட்டியது.

எங்கள் ஊர் திருக்கழுக்குன்றத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் இருக்கிறது. ஊர்த்தெரு மேட்டில், காலனி ஏரிப்பக்கம். நாங்கள் நான்கு பேரும் ஐந்தாம் வகுப்பு வரை ஒன்றாகப் படித்தோம். மூன்று பேர் காலனி, ஒருவன் ஊர்த்தெரு. பெயர்கள் வேண்டாம், இப்போது பார்க்கும் வேலையை வைத்தே சொல்கிறேன். ஒருவன் மாமல்லபுரத்தில் சிற்பப் பட்டறையில் கல்லுக்குப் பாலிஷ் போடுகிறான். இன்னொருவன் பெங்களூரில் டாக்சி ஓட்டுகிறான். ஊர்த்தெருக்காரன் செங்கல்பட்டில் செல்போன் கடை வைத்திருக்கிறான்.

அன்று பள்ளிக்கூடத்துக்குப் பின்னால்தான் விளையாட்டு. தாகம் எடுத்தால் பக்கத்தில் இருந்த அவன் வீட்டுக்கு ஓடுவோம். அவனுக்குச் சொம்பு. எங்களுக்கு அவன் அம்மா மேலிருந்து ஊற்றுவார், கையைக் குவித்துக் குடிப்போம். நான் வயசுக்கு வந்ததும் என் விளையாட்டை வீட்டில் நிறுத்திவிட்டார்கள். பட்டறை நண்பன் எட்டாவதோடு வேலைக்குப் போனான். பையன்களில் ஊர்த்தெருவுக்கு ஒரு கிரிக்கெட் டீம், காலனிக்கு ஒரு டீம் என்று பிரிந்தது. அதே பந்து, அதே மட்டை, அதே விதிகள். மைதானம் மட்டும் இரண்டு.

அம்பேத்கர் 1936இல் லாகூர் மாநாட்டுக்காக எழுதி, பேச முடியாமல் போய், தானே நூலாக வெளியிட்ட 'சாதி ஒழிப்பு' உரையில் இதைத்தான் விளக்குகிறார். ஒரே மாதிரியான காரியங்களைத் தனித்தனியாகச் செய்வதால் மனிதர்கள் ஒரு சமூகமாகிவிட மாட்டார்கள். எல்லா சாதியும் அதே பண்டிகையைக் கொண்டாடுகிறது, ஆனால் அவரவர் தெருவில். ஒரு காரியத்தில் கூட்டாகப் பங்கெடுத்து, அதன் வெற்றியைத் தன் வெற்றியாகவும் தோல்வியைத் தன் தோல்வியாகவும் உணரும்போதுதான் பிணைப்பு வரும் என்கிறார். எம்.ஏ. சமூகவியல் படித்தபோது இந்தப் பகுதியைத் தேர்வுக்காக அடிக்கோடிட்டேன். அதன் பொருள் புரிந்தது செல்போன் திரையில்தான்.

2020 செப்டம்பரில் பப்ஜியை ஒன்றிய அரசு தடை செய்தது. மறுவருடம் ஜூலையில் அதே விளையாட்டு பிஜிஎம்ஐ என்ற பெயரில் வந்தது. கொரோனாவால் சுற்றுலா படுத்து, பட்டறையில் வேலை இல்லாத நேரம். நிவாரண அரிசி விஷயமாக என் நம்பரைத் தேடிப் பிடித்தான் பட்டறை நண்பன். பிறகு உடைந்த டிஸ்ப்ளேவை மாற்றச் செங்கல்பட்டு போனவன், கடையில் இருந்தவனை அடையாளம் கண்டான். அங்கேயே விளையாட்டை ஏற்றிக்கொண்டார்கள். பெங்களூர்க்காரனும் நானும் சேர, நாலு பேர் அணி நிறைந்தது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நூறு பேர் விமானத்தில் இருந்து ஒரு தீவில் குதிப்பார்கள். கையில் ஒன்றும் இருக்காது. துப்பாக்கி, தோட்டா, மருந்து எல்லாம் அங்கே பொறுக்கிச் சேர்க்க வேண்டும். அணியில் ஒருவன் அடிபட்டு விழுந்தால், இன்னொருவன் அவன் பக்கத்தில் சில நொடிகள் மண்டியிட்டு எழுப்ப வேண்டும். அந்த நேரத்தில் எழுப்புகிறவனையும் எதிரி சுட்டுவிடலாம். இருந்தும் போவோம். என் பையில் இருக்கும் எனர்ஜி டிரிங்கை நான் கீழே போட்டால் கடைக்காரன் எடுத்துக் குடிப்பான். அவன் போட்டதை நான் குடிப்பேன். முதல் தடவை அப்படி நடந்தபோது எனக்குச் சொம்பு ஞாபகம் வந்தது. அவனுக்கு வந்ததா என்று நான் கேட்கவில்லை.

அந்தத் தீவில் சாதி இல்லை என்று சொல்ல மாட்டேன். சாதிப் பெயரை ஐடியாக வைத்தவர்கள் நிறைய. தெரியாத ஆட்களோடு சேர்ந்தால் மைக்கில் இரண்டாவது கேள்வியே "எந்த ஊரு, எந்தத் தெரு?" என்பதுதான். ஒரு ராத்திரி ஒருவன் எங்கள் சாதியைச் சொல்லித் திட்டினான். எங்கள் மூவருக்கும் முன்னால் கடைக்காரன் பாய்ந்தான். "யாரப் பாத்து இன்னாடா பேசற?" என்று அவன் போட்ட சத்தத்தில் என் அறைச் சுவரே அதிர்ந்தது. அன்று எங்களுக்குச் சந்தோஷம்தான்.

2022 ஜூலை 28 அன்று பிஜிஎம்ஐயும் ஆப் ஸ்டோர்களில் இருந்து காணாமல் போனது. அதே நாளில்தான் சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. 180க்கும் மேற்பட்ட நாட்டினர் வந்து விளையாடிய இடம் மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரி. பெங்களூர்க்காரன் லீவில் வர, அந்த வாரம் நாங்கள் கடற்கரையில் சந்தித்தோம். ஒரே தட்டில் மீன் வறுவல் சாப்பிட்டோம். பூஞ்சேரி என்றதும் எனக்கு இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அதற்கு ஒன்பது மாதம் முன்பு, 2021 அக்டோபரில், மாமல்லபுரம் தலசயனப் பெருமாள் கோயில் அன்னதானத்தில் தன்னைப் பந்தியில் இருந்து விரட்டினார்கள் என்று பூஞ்சேரி நரிக்குறவர் பெண் ஒருவர் பேசிய வீடியோ நாடெங்கும் பரவியது. அமைச்சர் சேகர்பாபு அதே கோயிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். அந்தத் தீபாவளியன்று முதலமைச்சரே பூஞ்சேரிக்கு வந்து பட்டா கொடுத்தார். விளையாடச் சேர்த்துக்கொள்வது ஒன்று, சாப்பிடச் சேர்த்துக்கொள்வது வேறொன்று.

நூறு வருடத்துக்கு முன்பே இதை அனுபவித்தவர் பல்வங்கர் பாலூ. தலித்துகளில் தோன்றிய முதல் பெரிய கிரிக்கெட் வீரர். புனேயில் இந்துக்கள் அணிக்காகப் பந்து வீசினார். அவர் கை பட்ட பந்தைத் தொட்ட சக வீரர்கள், தேநீர் இடைவேளையில் உள்ளே பீங்கான் கோப்பையில் குடித்தார்கள். பாலூவுக்கு வெளியே மண் கோப்பை. விக்கெட் வேண்டும், ஆள் வேண்டாம்.

2023 மே மாதம் விளையாட்டு திரும்பி வந்தது, நாங்களும் திரும்பினோம். கடைக்காரன் தன் மகள் பிறந்தநாளைச் செங்கல்பட்டில் ஒரு மண்டபத்தில் வைத்தான். மூவரையும் கூப்பிட்டான், போனோம், பந்தியில் எல்லாரோடும் உட்கார்ந்தோம். சில மாதம் கழித்து ஊரில் புது வீடு கட்டிப் பால் காய்ச்சினான். எங்களுக்குத் தெரிந்தது வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில்தான்.

பட்டறை நண்பன் மனசில் வைத்துக்கொள்ளும் ஆள் இல்லை. ஆட்டத்தின் நடுவிலேயே கேட்டான்.

"மண்டபத்துக்குக் கூப்டியே, வூட்டுக்கு ஏன்டா கூப்டல?"

மைக்கில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அம்மா இருக்காங்கடா... உனக்குத் தெரியாதா?" என்றான். பட்டறை நண்பன், "தெரியும். அதான் உன்னக் கேக்கறேன்" என்றான். அடுத்த நிமிடம் கடைக்காரன் அடிபட்டு விழுந்தான். பட்டறை நண்பன் வழக்கம்போல ஓடிப்போய் எழுப்பினான். அதன் பிறகு பத்து நாள் கடைக்காரன் ஆன்லைனில் இல்லை.

பதினொன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் காலனிக்கு வந்தான். பிறந்த ஊரில் அவன் காலனிக்குள் நுழைந்தது அதுதான் முதல் தடவை. பட்டறை நண்பன் வீட்டில் அவன் அம்மா கையால் சோறு வாங்கித் தின்றான், தண்ணீர் கேட்டுக் குடித்தான். ஊர்த்தெருவில் நாலு பேர் பேசினார்கள், அவன் கவலைப்படவில்லை. இது சின்ன விஷயமில்லை. அவனுக்கு அதில் செலவு உண்டு.

ஆனால் கணக்கு இன்னும் சரியாகவில்லை. அவன் எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டான். நாங்கள் அவன் வீட்டுப் படி ஏறவில்லை. காலனிக்கு வருவது அவனுடைய துணிச்சல், ஊர் அதைச் சகித்துக்கொள்ளும். எங்களை வீட்டுக்குள் உட்கார வைப்பதற்கு அவன் அம்மாவிடமும் சொந்தக்காரர்களிடமும் பேச வேண்டும். அந்தப் பேச்சை எங்களால் பேச முடியாது. அவன்தான் பேச வேண்டும். சாதி ஒழிப்பில் ஊர்த்தெருவில் பிறந்த நண்பர்களுக்கென்று ஒரு வேலை இருக்கிறது என்றால் அது இதுதான்: காலனிக்கு வந்து சாப்பிட்டுக் காட்டுவதோடு முடியாமல், தன் வீட்டுக்குள் சண்டை போடுவது.

இதை மூவரும் அவனிடம் நேராகவே சொல்லிவிட்டோம். "டைம் குடுங்க" என்றான். கொடுத்திருக்கிறோம், மறக்கவில்லை. வரும் ஏப்ரல் 14க்குக் காலனிப் பையன்கள் கிரிக்கெட் போட்டி வைக்கிறார்கள். ஊர் டீம், காலனி டீம் என்று வேண்டாம், ஒவ்வொரு டீமிலும் இரண்டு தெரு ஆட்களும் கலந்துதான் ஆட வேண்டும், மதியச் சாப்பாடு காலனியில் ஒரே பந்தி என்று விதி போட்டிருக்கிறோம். இதுவரை ஊர்த்தெருவில் இருந்து பெயர் கொடுத்தவர்கள் மூன்று பேர். முதல் பெயர் கடைக்காரனுடையது.

ஜெய் பீம்.