பாட்டியின் மூக்குத்தி

ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரத்தின் முன்னால் பாட்டி நிற்கும் படம் ஒன்றுதான் எங்களிடம் உண்டு. மேலெல்லாம் கீறல். ராஜபாளையத்தில் ஒரு ஸ்டூடியோவுக்கு எடுத்துப் போனேன். அங்கிருந்த பையன் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, 'மீடியன் பில்டர்' போட்டான். ஒவ்வொரு புள்ளியையும் சுற்றியுள்ள 8 புள்ளிகளோடு சேர்த்து, ஒளியின் அளவுப்படி வரிசையில் நிறுத்தி, நடுவில் வரும் ஐந்தாவதன் அளவையே அதற்குக் கொடுத்துவிடுமாம். தனித்து மினுக்குவதெல்லாம் தூசி என்பது அதன் நியாயம்.

கீறல் போயிற்று; பாட்டியின் மூக்குத்தியும் போயிற்று!

"அது தூசி இல்லையப்பா, வைரம். எங்கப்பா காலேஜ் படிப்புக்காகப் பாட்டி விற்றது. இந்தப் படத்தில்தான் மிச்சம்" என்றேன்.

பையன் சிரிக்கவில்லை. "முகத்தை விட்டுட்டு மத்த இடத்துக்குப் போடறேன், ஸார்" என்றான்.

இப்போது மூக்குத்தி பழையபடி மின்னுகிறது. கன்னத்தில் ஒரு கீறலும் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.