ஜோகுபாளையத்து மார்கழியும் சுக்குக் காப்பியும்

பெங்களூர் வந்து சென்ற தமிழன்பர் பலர், அல்சூர் ஏரிக்கரையில் 2009-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற திருவள்ளுவர் சிலையைக் கண்டிருப்பர். அங்கிருந்து தென்கிழக்கே, சோமேசுவரர் கோயிலைக் கடந்து சிறிது நடந்தால் வருவது ஜோகுபாளையம். தண்டு என வழங்கும் இராணுவக் குடியிருப்பு 1809-இல் அமைந்தது. 1864-இல் ஜோலார்பேட்டையிலிருந்து இருப்புப்பாதை வந்து சேர்ந்தது. அப்பாதை வழியே பிழைப்புத் தேடி வந்த தமிழர் பல்லாயிரவர். இரயில்வே எழுத்தராகிய நாமும் அவர்களுள் சேர்ந்தவரே. காலத்தால் மட்டும் மிகப் பிந்தியவர்.

இவ்வூர் கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. மார்கழி விடியலில் வெப்பம் 15 டிகிரி அளவுக்கு இறங்கும். வடநாட்டார் இதனைக் குளிர் என ஒப்பார். திருநெல்வேலிச் சீமையில் வியர்த்து வளர்ந்த நமக்கோ இதுவே இமயம்! இரவுப் பணி முடித்துச் சந்துக்குள் நுழையும்போதே, கொத்துமல்லி வறுபடும் மணம் நம்மை எதிர்கொள்ளும்.

நம் அன்னையாரின் பக்குவம் இது: விரல் நீளச் சுக்கைத் தோல் சீவி இடித்து, அதனினும் இரு மடங்கு வறுத்த மல்லியும் பத்துப் பன்னிரண்டு மிளகும் சேர்த்துப் பொடித்து, நான்கு தம்ளர் நீர் மூன்றாகச் சுண்டும்வரை காய்ச்சுவார். துளசி இருந்தால் நான்கு இலை. கருப்பட்டியைத் தனியே கரைத்து, மண் போக வடிகட்டியே சேர்ப்பார். பக்கத்து வீட்டுக் கன்னட அம்மையாரோ மல்லியோடு சீரகமும் மிளகும் பொடித்து, பாலும் வெல்லமும் கலந்து, ‘கஷாய’ என்பார். நமக்குச் சுக்கு, அவருக்கு ‘ஒண ஷுண்டி’. மொழி அறியாத இரு மூதாட்டியரும் முதன்முதலில் நட்புக் கொண்டது இந்தத் தம்ளர்களை மாற்றிக்கொண்டுதான்.

இதில் பயன் உண்டா என்று வினவுவோர் உளர். 2008-இல் பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வாளர், சளி பிடித்த 30 பேருக்குச் சூடான பழபானம் அளித்துச் சோதித்தனர். மூக்கின் காற்றோட்டம் கருவியில் கூடவில்லை. ஆயினும் இருமலும் தும்மலும் தொண்டை நோவும் சோர்வும் தணிந்ததாக அவர்கள் கூறினர். நோய் நின்றது, நோவு குறைந்தது.

இந்த வேறுபாட்டை நாம் கற்றது நூலால் அன்று. சில ஆண்டுகளுக்கு முன், இரண்டு வயதான நம் மகளுக்குச் சளி கண்டது. மூன்று நாள் சுக்கு நீரை நம்பியிருந்தோம். நான்காம் நாள் இரவு, மூச்சு இழுக்குந்தோறும் குழந்தையின் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. போர்வையில் சுற்றிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினோம். நிமோனியா என்றார் மருத்துவர். சட்டையை உயர்த்தி, முழுதாக ஒரு நிமிடம் மூச்சை எண்ணக் கற்பித்தார். ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரையுள்ள குழந்தைக்கு 40-ம் அதற்கு மேலும், ஓராண்டு நிறையாத கைக்குழந்தைக்கு 50-ம் அதற்கு மேலும் இருப்பின் காத்திருத்தல் கூடாது. விலா குழிந்தாலோ எண்ணவே வேண்டாம், உடனே புறப்படுக என்றார். ஓராண்டு நிறையாத சிசுவுக்குத் தேன் ஒரு துளியும் ஆகாது என்பதையும் அன்றே அறிந்தோம்.

குழந்தை பிழைத்து வீடு திரும்பினாள். அன்னையாரோ அஞ்சறைப் பெட்டியின் பக்கமே செல்லவில்லை. “நான்தானே அப்பா தாமதப்படுத்திவிட்டேன்?” என்று நம்மிடம் ஒருமுறை கேட்டார். அவர் மட்டுமா? கடிகாரம் பார்த்து வண்டிகளை அனுப்பும் உத்தியோகத்தில் இருந்தும், குழந்தையின் மூச்சை ஒரு நிமிடம் எண்ணிப் பாராதவர் நாமன்றோ!

பத்து நாள் சென்றிருக்கும். பக்கத்து வீட்டு அம்மையார் ஒரு தம்ளர் கஷாயத்தை மூடி எடுத்து வந்து, அன்னையார் கையிலேயே வைத்தார். மகள் ஓடிவந்து, “ஆச்சி, எனக்கு?” என்றாள். அன்னையார் நம் முகத்தை நோக்கினார். நாம் தலையசைத்தோம். ஆறும்வரை ஊதி, இரண்டு வாய் புகட்டினார். மறுநாட் காலை, நம் வீட்டிலும் மல்லி வறுபட்டது.