நுவரெலியாவில் ஒரு வேட்டைக்காரரின் கல்லறை

ஏப்ரல் விடுமுறை வந்துவிட்டால் பிள்ளைகள் "நுவரெலியா, நுவரெலியா" என்று நச்சரிக்கத் தொடங்கிவிடுவார்கள். சாப்பாட்டைக் கட்டி, கம்பளிச் சட்டைகளைத் தேடியெடுத்து வேனில் ஏறினால் கிரகரி வாவி, விக்டோரியா பூங்கா, ஹக்கல பூந்தோட்டம் என்று பொழுது ஓடிவிடும். அடுத்த முறை போகும்போது அரை மணி நேரம் ஒதுக்கி, கொல்ப் மைதானத்தை அடுத்துள்ள பழைய வெள்ளைக்காரர் மயானத்தையும் பார்த்து வாருங்கள்.

அங்கே அடங்கியிருப்பவர்களில் ஒருவர் மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ். பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தவர். 1845 ஜூன் 7ஆம் திகதி ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். அவரது நினைவாகவே பதுளையில் புனித மாற்கு தேவாலயம் கட்டப்பட்டது. அவர் சுட்டு வீழ்த்திய யானைகள் 1,400க்கும் மேல் என்று சொல்கிறார்கள். கல்லறையின் கல்லையும் மின்னல் பிளந்துவிட்டது என்று ஊரிலே ஒரு கதை உண்டு. அதை வைத்து நாம் தீர்ப்புச் சொல்லப் போக வேண்டாம். மறைவானதை அல்லாஹ்வே அறிவான்.

தந்தத்துக்காகச் சுட்டிருப்பார் என்று நினைக்கிறீர்களா? நமது நாட்டு யானைகளில் தந்தமுள்ளவை மிகச் சில. இறைச்சிக்காகவும் அல்ல. பயிரைக் காக்கவென்று யானையைக் கொல்வோருக்கு அரசாங்கமே தலைக்குச் சில சிலிங் வெகுமதி கொடுத்த காலம் அது. அத்துடன் யார் அதிகம் சுட்டார் என்ற போட்டியும் சேர்ந்துகொண்டது. 1848இல் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர், வேட்டை நாய்களுடன் மரை துரத்தியதை ஒரு முழுப் புத்தகமாகவே எழுதி 1853இல் வெளியிட்டார்.

எண்ணிக்கையைக் கேட்டால் நெஞ்சு பதறும். காலனித்துவச் செயலாளராயிருந்த எமர்சன் டெனன்ட் எழுதி வைத்த கணக்கின்படி, 1848க்கு முந்திய மூன்று வருடங்களுக்குள் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகள் கொல்லப்பட்டன. 1850களின் முற்பகுதியில் தென் மாகாணத்தில் இன்னும் 2,000. இவ்விரண்டையும் கூட்டிப் பாருங்கள். 2011இல் நாடு முழுவதும் எடுத்த கணக்கெடுப்பில் உயிரோடிருந்த யானைகள் 5,879. அந்தக் கணக்கெடுப்பில் இருந்த யானைக் கூட்டம் முழுவதற்கும் கிட்டத்தட்டச் சமமான தொகை, சில வருடங்களில் இரண்டு மாகாணங்களில் முடிந்துபோயிருக்கிறது.

இப்படியே போனால் சுடுவதற்கே ஒன்றும் மிஞ்சாது என்ற பயம் துரைமாருக்கே வந்தது. 1891இல் சட்டம் கொண்டு வந்தார்கள். 1894 மே மாதம் வேட்டைக்காரரும் தோட்டத் துரைமாரும் கூடி வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் ஒன்றை அமைத்தார்கள். பெயர்கள் மாறி, இன்றைக்கு வனஜீவராசிகள் மற்றும் இயற்கைப் பாதுகாப்புச் சங்கமாக இயங்குவது அதுதான். வேட்டைக்காரன் காவல்காரனாகிறான் என்றால் சிரிப்பு வரும். ஆனால் நடந்தது அதுதான். அனுமதிப் பத்திரம், வேட்டை தடுக்கப்பட்ட காலம் என்று ஒழுங்குகள் வந்தன. அதே ஒழுங்கினால், அடுப்புக்கு ஒரு மான் பிடித்த கிராமத்தான் கள்ள வேட்டைக்காரனாகவும் ஆனான். இதையும் சொல்லாமல் விட்டால் கதை பாதிதான்.

யாலயில் 1900இல் காப்பகம் பிரகடனமானது. அதை அடுத்து, இந்நாட்டில் வசிக்கும் வேட்டைக்காரர்களுக்கென்று தனிப் பகுதியும் ஒதுக்கப்பட்டது. முதற் காவலராக வந்த எங்கெல்பிரெக்ட், போயர் யுத்தக் கைதியாகத் தியத்தலாவைக்குக் கொண்டுவரப்பட்டவர். பிரித்தானிய முடிக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்ததால் ஊர் திரும்ப முடியாமல் போனவர். முதலாம் உலக யுத்தத்தின்போது எம்டன் கப்பலுக்கு இறைச்சி கொடுத்தார் என்ற சந்தேகத்தில் அவரைப் பிடித்து அடைத்தும் வைத்தார்கள். பாவம், காட்டைக் காத்த மனிதருக்கு இரண்டு முறை சிறை! 1938இல் யாலவும் வில்பத்துவும் தேசியப் பூங்காக்களாயின.

இந்த வரலாற்றில் நம்மவர் எங்கே என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள், சகோதரிகளே. டெனன்டின் புத்தகத்திலேயே இருக்கிறார்கள். வடக்கிலும் வடகிழக்கிலும் முஸ்லிம் கிராமங்களில் வாழ்ந்த பணிக்கர்கள், துப்பாக்கியில்லாமல் யானை பிடித்தவர்கள். ஏறாவூர்ப் பக்கத்து மூத்தம்மாமாரைக் கேட்டால் இன்றும் கதை சொல்வார்கள். தோலை முறுக்கிச் செய்த வார்க்கயிறுதான் அவர்களின் ஆயுதம். இருவர் சத்தமின்றிப் பின்னால் ஊர்ந்து போய், யானையின் பின்காலிலே சுருக்கு மாட்டி, மறுமுனையை மரத்தில் கட்டிவிடுவார்கள். பிடித்த யானைகள் கடல் கடந்து இந்தியாவுக்கும் விலைபோயின. ரொஜர்ஸுக்குத் தேவாலயம் உண்டு. உயிரைப் பணயம் வைத்துக் கால் கட்டிய பணிக்கருக்கோ பெயர்ப் பலகைகூட இல்லை.

நமது மார்க்கம் உணவுக்கான வேட்டையைத் தடுக்கவில்லை. ஆனால் உயிருள்ளதைக் குறி பார்க்கும் பொருளாக்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். இஹ்ராம் கட்டியவருக்கு நிலத்து வேட்டையே ஹராம் என்பது ஹஜ்ஜுக்குப் போய் வந்த உங்கள் உம்மாவுக்குத் தெரியும். இன்னொரு பக்கம், பொத்துவிலிலோ அம்பாறையிலோ ஒரே இரவில் வேளாண்மையை யானைக்குக் கொடுத்துவிட்டு நிற்கும் குடும்பத்திடம் போய், யானை பாவம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. 2023இல் மட்டும் 400க்கும் மேற்பட்ட யானைகளும் 150க்கும் மேற்பட்ட மனிதரும் மடிந்தார்கள். இப்போது வெகுமதியுமில்லை, போட்டியுமில்லை. சாவு மட்டும் நிற்கவில்லை.

நேரமிருந்தால் அதிகாலையில் ஹோர்ட்டன் சமவெளிக்கும் ஏறுங்கள். ஒரு காலத்தில் வேட்டை நாய்கள் குரைத்த வெளி, 1988 முதல் தேசியப் பூங்கா. வேட்டைக்காரத் துரை தோமஸ் ஃபார் கட்டிய விடுதியில் இப்போது பார்வையாளர் நிலையம். வாசலில் பொலித்தீன் பைகளைச் சோதிப்பார்கள், முகம் சுளிக்காதீர்கள். வாகனம் நிறுத்துமிடத்துக்கே மரைகள் வந்து மூக்கை நீட்டும். பிள்ளைகள் பிஸ்கட்டை எடுப்பார்கள். கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். சில மரைகளின் வயிற்றுக்குள் நம்முடைய பொலித்தீன்தான் போயிருக்கிறது.