அப்பத்தாவின் சேலை பச்சையா, நீலமா? - மூன்று கம்ப்யூட்டரில் ஒரு குடும்ப ஆல்பம்

பழைய போட்டோக்களை ஸ்கேன் செய்துவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் பலரும் நினைக்கிறோம். எங்கள் வீட்டில் வேலையே அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊர் வீட்டில், அப்பத்தாவின் டிரங்குப் பெட்டியில் 312 போட்டோக்கள் இருந்தன. கறுப்பு வெள்ளையில் கல்யாணப் படங்கள், எண்பதுகளில் எடுத்த கலர் படங்கள், காதுகுத்து, கிடா வெட்டு, யாரோ புது சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படம்... அத்தனையையும் அப்பா ஸ்கேன் செய்தார். ஊரில் அப்பாவின் டெஸ்க்டாப், பெங்களூரில் அக்காவின் லேப்டாப், சென்னையில் என்னுடையது. மூன்றிலும் ஒரே போட்டோ ஃபோல்டர்.

மங்கிய படங்களைச் சரிசெய்வது அக்காவின் வேலை. யார் யார் என்று அடையாளம் சொல்வது அப்பத்தா. வயது 84. ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் ஒவ்வொரு படமாகக் காட்டுவோம். "இவ உங்க தாத்தாவுக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி. கைக்குழந்தையா பர்மாவுல இருந்து தூக்கிட்டு வந்தாக" என்பார். அக்கா அதை அப்படியே அந்தப் படத்துக்கான குறிப்பில் டைப் செய்வாள்.

மூன்று மாதம் இப்படிப் போனது. ஒருநாள் அப்பா ஊரில் ஃபோல்டரைத் திறந்துவிட்டு எனக்கு போன் செய்தார். "ஏத்தா, படமெல்லாம் பழையபடி மங்கலாத்தான இருக்கு? பேரு ஒண்ணையும் காணோமே!"

அக்காவின் லேப்டாப்பில் எல்லாம் பளிச்சென்று இருந்தன. ஃபோல்டரும் சரியாகத்தான் காப்பி ஆகியிருந்தது. யார் மீதும் தப்பில்லை. எடிட் என்பது படத்துக்குள் இருக்கிறது என்று நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் அது வெளியே இருக்கிறது.

லைட்ரூம் கிளாசிக், டார்க்டேபிள் போன்ற மென்பொருள்கள் ஒரிஜினல் படத்தின் மேல் வண்ணம் பூசுவதில்லை. 'வெளிச்சத்தைக் கூட்டு, சிவப்பைக் குறை, இடது ஓரத்தை வெட்டு' என்று நாம் செய்வதைச் சமையல் குறிப்பு மாதிரி எழுதி வைத்துக்கொள்கின்றன. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அந்தக் குறிப்பைப் படித்து, அதன்படி சமைத்துக் காட்டுகின்றன. லைட்ரூம் கிளாசிக்கில் இந்தக் குறிப்புகள் 'கேட்டலாக்' என்ற தனி ஃபைலில் சேருகின்றன. படங்களை மட்டும் காப்பி செய்தால் காய்கறி வந்து சேரும், சமையல் குறிப்பு வராது.

நிறம் போனால் மறுபடி உட்கார்ந்து சரிசெய்யலாம். பெயர்கள் போனால்? அப்பத்தாவுக்கு அடுத்து அந்த முகங்களைத் தெரிந்தவர்கள் எங்கள் வீட்டில் யாரும் இல்லை. மூன்று மாத ஞாயிற்றுக்கிழமைகளும் ஒரே ஒரு லேப்டாப்பில் இருக்கின்றன என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

அதன்பிறகு நாங்கள் செய்தவை உங்களுக்கும் உதவலாம்.

முதலில், லைட்ரூமின் கேட்டலாக் செட்டிங்ஸில் மாற்றங்களைத் தானாகவே 'எக்ஸ்எம்பி'யில் எழுதும் வசதியை அக்கா ஆன் செய்தாள். ஜேபிஜி, டிஃப் படங்களாக இருந்தால் எடிட்டும் பெயரும் அந்த ஃபைலுக்குள்ளேயே எழுதப்படும். கேமராவின் 'ரா' படம் என்றால் பக்கத்திலேயே ஒரு குட்டி ஃபைலாக உட்காரும், இரண்டையும் சேர்த்தே காப்பி செய்ய வேண்டும். அந்தப் படங்களை இன்னொரு கம்ப்யூட்டரின் லைட்ரூமில் சேர்த்து, ஃபைலில் இருந்து மெட்டாடேட்டாவைப் படிக்கச் சொன்னால் எடிட்டும் பெயரும் வந்துவிடும். கலெக்‌ஷன்களும் விர்ச்சுவல் காப்பிகளும் இப்படி வராது.

இரண்டாவது, ஒரு படத்துக்கு ஓர் ஆள். ஒரே படத்தை இரண்டு பேர் தனித்தனியாகத் திருத்தினால் கடைசியாக எழுதியவருடையதுதான் நிற்கும். அதனால் கறுப்பு வெள்ளை எனக்கு, கலர் அக்காவுக்கு. நீங்கள் ஒருவரே இரண்டு கம்ப்யூட்டரில் வேலை செய்பவர் என்றால் இன்னும் சுலபம். கேட்டலாக், படங்கள் இரண்டையும் ஒரே எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் வைத்து மாற்றி மாற்றிச் செருகிக்கொள்ளலாம். அதற்கு ஒரு பேக்கப் மட்டும் கட்டாயம் வேண்டும்.

மூன்றாவது, அப்பாவுக்கு மென்பொருளே வேண்டாம். முடிந்த படங்களை ஜேபிஜியாக எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் படம் சுருங்கும், உள்ளே எழுதிய பெயரும் போய்விடும். டாகுமென்ட்டாக அனுப்பினால் அப்படியே போகும்.

எடிட் ஒன்றாகிவிட்டது. நிறம் ஒன்றாகவில்லை!

பழைய கலர் பிரின்ட்களில் நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்குவதுண்டு. அதனால் படம் முழுக்கச் செக்கச் செவேல் என்றாகிவிடும். ஆட்டோ பட்டனைத் தட்டியதும் அது சரியானது, ஆனால் ஆட்களும் வெளுத்துப்போனார்கள். அப்பத்தா தன் படத்தையே பார்த்துவிட்டு, "யாருடி இவ? நான் இம்புட்டுச் செவப்பா எப்ப இருந்தேன்?" என்று கேட்டார். அவருடைய கறுப்பை அக்கா பொறுமையாகத் திரும்பக் கொண்டுவந்தாள்.

அதே படத்தில் அவர் கட்டியிருந்த சேலை அக்காவுக்குப் பச்சை, எனக்கு நீலம். அக்கா லேப்டாப்பில் இரவு நேர மஞ்சள் வெளிச்சம் ஆன் ஆகியிருந்தது. அணைத்த பிறகு அவளுக்கும் நீலமாகத் தெரிய ஆரம்பித்தது. அப்பத்தா மட்டும் அசையவில்லை. "பச்சைதான். நான் கட்டுன சேலை எனக்குத் தெரியாதா?"

அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை இருக்கிறது. புரை முற்றினால் கண்ணின் லென்ஸ் மஞ்சளாகி, நீலம் மங்கித் தெரியும். அடுத்த மாதம் மதுரையில் ஆபரேஷன். "கட்டுப் பிரிச்சதும் மொதல்ல அந்தப் படத்தக் காட்டுங்கடி" என்று சொல்லி வைத்திருக்கிறார்.

காட்டுவோம். நீலம் என்று சொன்னால் மாற்றுவதற்கு அரை நிமிடம் ஆகும், ஸ்கேன் செய்த ஒரிஜினலை நாங்கள் தொடவே இல்லை. அதுவரைக்கும் அந்தப் படத்தின் குறிப்பில் அக்கா ஒரு வரி சேர்த்திருக்கிறாள்: 'சேலை பச்சை. அப்பத்தா சொன்னது.'

மூன்று கம்ப்யூட்டரிலும் அந்த வரி இருக்கிறது.